கை உன்னுடையது

பாலாநகர்
24 ஆகஸ்ட் 2024

பாலச்சந்திரன் அவர்களுக்கு,

'அவர்களுக்கு' என்று போட்டதைப் பார்த்துச் சிரிக்காதே. பன்னிரண்டு வருஷம் ஒரே ஜீப்பில் சைட்டுக்குப் போனவனுக்கு இந்த மரியாதை புதுசுதான். போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். ஆபீஸ் வாசலில் என்னைக் கண்டதும் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டாய். அதனால்தான் பதிவுத் தபால். ரசீது அட்டையில் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டு, கடிதமே வரவில்லை என்று பிறகு சாதிக்க முடியாது பார்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை நான் மார்பில் குத்தியிருந்த, கதிர்வீச்சை அளக்கிற பேட்ஜ் அறுநூறு மில்லிசீவெர்ட் வாங்கியிருக்கிறதாம். ஒரு வருஷத்துக்கு நமக்கு அனுமதித்ததைப் போல இருபது மடங்கு. மேனேஜர் தண்டபாணி சார் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "இனி கேமரா பக்கம் போகாதே, சைட் பாதுகாப்புப் பொறுப்பை பாலாகிட்ட கொடுத்துட்டேன்" என்றார். அதோடு விட்டாரா? நான் பேட்ஜ் குத்திய சட்டையைக் கழற்றி கேமரா மேல் போட்டுவிட்டுத் தூங்குகிறவன் என்று நீ சொன்னதாகவும் சொன்னார்.

அந்தக் கேமராவுக்குள் இருக்கும் இரிடியத்தின் கதிர்வீச்சை வைத்துக் கொதிகலன் வெல்டிங்கைப் படம் எடுக்கிறவன் நான். சமோசாக் கடை நடத்தவில்லை. என் சட்டை எந்த நாளில் கேமரா மேல் கிடந்தது?

இந்த விஷயம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கும் மாமியார், "மாப்ள, ரிசல்ட் வர்ற வரைக்கும் பிள்ளையத் தூக்க வேண்டாம்" என்கிறார். இதெல்லாம் தொற்றுவியாதி இல்லை என்று நூறு தரம் சொல்லிவிட்டேன். என் மகள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, "டாடி, நூ எப்புடு மஞ்சி அய்த்தாவ்?" என்று தெலுங்கில் கேட்கிறாள். எப்போது சரியாவேன் என்று நான் யாரைக் கேட்பது?

உப்பல் பக்கம் உள்ள லேபில் ரத்தம் கொடுத்திருக்கிறேன். குரோமோசோமை எண்ணிப் பார்த்து, உடம்பு உண்மையில் எவ்வளவு வாங்கியது என்று சொல்வார்கள். அது வரட்டும். வந்தபிறகு உன்னிடம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.

ஃபெலிக்ஸ்


மாரேட்பள்ளி, செகந்திராபாத்
2 செப்டம்பர் 2024

ஃபெலிக்ஸ் சாருக்கு,

கடிதம் வந்தது. வீட்டில் சுமலதாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். "கைக்கு ஏமண்டி, பக்கத்து ஏரியாலேர்ந்து ரிஜிஸ்டர் போஸ்ட் எதுக்கு?" என்று கேட்டாள். உனக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்றேன்.

நீ எழுது, நக்கோ, வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஜனவரியை மறந்துவிட்டு எழுதாதே. கத்தாரிலிருந்து எனக்கு வேலை வந்தது. அவர்கள் உனக்குப் போன் செய்து என்னைப் பற்றி விசாரித்தார்கள். நீ என்ன சொன்னாய்? "நல்ல வேலைக்காரன், ஆனா சர்வே மீட்டர் இல்லாம சோர்ஸ் பக்கத்துல போவான்." அவ்வளவுதான், கத்தார் போயிற்று. பெட்டிகூட வாங்கிவைத்திருந்தேன், அது இன்னும் பரணில் இருக்கிறது. உண்மையைத்தானே சொன்னேன் என்றாய். எந்த உண்மையை எந்த வேளையில் சொல்வது என்று ஒன்று இருக்கிறது.

கதிர்வீச்சு இருக்கிறது என்று கத்திச் சொல்ல மீட்டர் எனக்கு எதற்கு? குழாய் வழியே வெளியே போன சோர்ஸ், அந்த இரிடியம், கேமராவுக்குள் திரும்பிவிட்டதா என்று கிராங்க் கைப்பிடி சுற்றும்போதே என் கைக்குத் தெரியும். எத்தனை வருஷமாகச் சுற்றுகிறேன்.

தண்டபாணி சார் கேட்டார், எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். நீ கத்தார்க்காரனிடம் சொன்ன மாதிரிதான். உன் ரத்தம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நல்லதாகவே சொல்லட்டும்.

பாலச்சந்திரன்


பாலாநகர்
19 செப்டம்பர் 2024

பாலா,

என் ரத்தம் சொல்லிவிட்டது.

லேபில் சபீனா மேடம் என்று ஒருவர் இருக்கிறார். என்னை மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்க்க வைத்தார். குரோமோசோம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடுப்பு உண்டாம். கதிர்வீச்சு பட்டால் அவை உடையும், உடைந்த துண்டுகள் தப்பும் தவறுமாக ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டியதில் சிலவற்றுக்கு இரண்டு இடுப்பு வந்துவிடும். அவற்றை எண்ணினால் போதும், உடம்பு வாங்கிய டோஸ் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

என் ரத்தத்தில் ஆயிரம் செல்களை எண்ணினார்கள். நான் அறுநூறு வாங்கியிருந்தால் கிட்டத்தட்ட நாற்பது இருந்திருக்க வேண்டும். இருந்தது ஒன்று. அந்த ஒன்றும், வெயிலில் நடந்து கறிவேப்பிலை வாங்குகிற எல்லோர் ரத்தத்திலும் ஆயிரத்துக்கு ஒன்று இருப்பதுதானாம். "அப்ப எனக்கு ஒண்ணுமே படலன்னு எழுதிக் கொடுங்க மேடம்" என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். "பூஜ்யம்னு எந்த எண்ணிக்கையும் சொல்லாது. நூத்தி முப்பதுக்கு மேல இருக்காதுன்னு தொண்ணூத்தஞ்சு சதவீத உறுதியோட சொல்லலாம். அறுநூறுக்கு வழியே இல்ல" என்றார். அந்த அம்மாளின் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

தண்டபாணி சாரிடம் அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தேன். "மீதி அஞ்சு சதவீதம்?" என்று கேட்டார். "அத நீங்க வச்சுக்கிடுங்க சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு டோஸ் படவில்லை என்றால் பேட்ஜுக்கு மட்டும் எப்படிப் பட்டது என்று ஆரம்பித்தார். நஷ்டஈட்டுக்கு ஆசைப்பட்டு நானே பேட்ஜை சோர்ஸ் முன்னால் வைத்தேனாம். போன மாதம் கவனமில்லாதவன், இந்த மாதம் திருடன். கேமராவைத் தொடும் அனுமதி இன்னும் நிறுத்தத்தில்தான் இருக்கிறது. பேட்ஜை வைத்தது யார் என்று தெரிகிறவரை அது வராது என்று, அனுமதி கொடுக்கிற மும்பை அதிகாரிகளும் சொல்லிவிட்டார்கள்.

யாரோ ஒருவன் ஆபீஸில் பேட்ஜ் மாட்டும் பலகையிலிருந்து என் பேட்ஜை எடுத்திருக்கிறான். கேமரா வைக்கிற ஸ்டோரின் சாவி மூன்று பேரிடம்தான் உண்டு. தண்டபாணி சாருக்கு கிராங்க் சுற்றத் தெரியாது. நான் வைக்கவில்லை. மிச்சம் யார் என்று நீயே சொல்.

இன்னொன்று. உன் கடிதம் ஏன் டைப் செய்து வந்தது? சைட்டில் பிலிம் உறை ஒவ்வொன்றிலும் பெயர் எழுத உன்னைத்தான் கூப்பிடுவோம். அச்சு மாதிரி எழுதுகிறவன், இரண்டு பக்கக் கடிதத்துக்கு பிரின்ட் எடுக்கப் போகிறானா?

ஃபெலிக்ஸ்


மாரேட்பள்ளி
1 அக்டோபர் 2024

ஃபெலிக்ஸ்,

போனில் வாயால் சொன்னால் அதுவே டைப் செய்துகொள்கிறது. உலகம் முன்னேறிவிட்டது. இதற்கும் என்மேல் வழக்குப் போடுவாயா?

நூற்று முப்பது வரை இருக்கலாம் என்று உன் மேடமே சொல்லியிருக்கிறார். ஆகவே நீ ஒன்றும் சுத்தத் தங்கம் இல்லை. சாவி இருந்தால் திருடனா? அப்படிப் பார்த்தால் செகந்திராபாத்தில் பாதிப் பேர் திருடர்கள்.

இந்த டெஸ்ட்டை நான் நம்பவில்லை. சரி, ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். டோஸ் பட்டு மூன்று நான்கு மாதம் ஆகிவிட்டால் ரத்தத்தில் இந்த இரண்டு இடுப்பு விவகாரம் மறைந்துவிடும்தானே? உடம்பில் ஒரு பக்கம் மட்டும் பட்டிருந்தால், மற்ற ரத்தத்தோடு கலந்து ஒன்றும் தெரியாமல் போய்விடாதா? யாரோ கேட்டார்கள், அதனால் கேட்கிறேன்.

நீ வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். ஊரில் வேலைக்கா பஞ்சம்.

பாலச்சந்திரன்


பாலாநகர்
8 அக்டோபர் 2024

பாலா,

யாரோ கேட்டார்கள் என்றாய். அந்த யாருடைய வலது கையில் ஜூலையில் கட்டு இருந்தது?

கடிதத்தைப் படித்து மடித்து வைத்தேன். பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. என் மனைவி பயந்துபோய்ப் பார்த்தாள். பட்டான்செரு சைட் கேன்டீனில் நீ இடது கையால் சாப்பிட்டாய். என்னடா என்று கேட்டேன். "மிர்ச்சி பஜ்ஜி எண்ணெய்ரா, சுமலதாக்கு ஹெல்ப் பண்ணப் போனேன்" என்றாய். ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் மருந்துக் கடையில் தீக்காயக் களிம்பு வாங்கி வந்தவன் நான். உன் விரல்களில் தடவிவிட்டவனும் நான்தான். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல். எண்ணெய் தெறித்தால் புறங்கையில் தெறிக்கும். பிடிக்கிற மூன்று விரலில் மட்டும் உள்பக்கமாக எந்த எண்ணெய் தெறிக்கும்? அன்றைக்கு எனக்கு இது தோன்றவில்லை.

இப்போது எல்லாம் தெரிகிறது. ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸில் யாரும் இல்லை. என் பேட்ஜை எடுத்துக் குழாய் முனையில் வைத்தாய். உன் பேட்ஜை மாட்டவே இல்லை, அது பலகையில் பத்திரமாகத் தொங்கியது. தூரத்தில் நின்று சோர்ஸை வெளியே அனுப்பினாய். கொஞ்ச நேரம் காயவிட்டாய். பிறகு கிராங்க்கைத் திருப்பிச் சுற்றினாய். உள்ளே போய்விட்டது என்று உன் கை சொன்னது. அந்த கிராங்க் நடுவில் சிக்குகிறது, ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும் என்று நான் ஜூனில் சொன்னபோது நீ லீவில் இருந்தாய். சோர்ஸ் பாதியில், குழாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. நீ நடந்து போய், குழாயை வலது கையால் பிடித்துத் தூக்கி, பேட்ஜை எடுத்தாய். மீட்டர் கையில் இருந்திருந்தால் கதவுப் பக்கமே கத்தியிருக்கும்.

ஒருவனைப் பழிவாங்கப் போகும்போதாவது மீட்டர் எடுத்துப் போயிருக்கக்கூடாதா? கத்தார்க்காரனிடம் நான் சொன்னதற்கு நீயே ஆதாரம் தயாரித்துக் கொடுத்திருக்கிறாய்.

உன் கேள்விகளைச் சபீனா மேடத்திடம் கேட்டேன், பெயர் சொல்லவில்லை. மறையாது. வருஷக்கணக்கில் மெதுவாகத்தான் குறையும். ஒரு பக்கம் மட்டும் பட்டிருந்தால் அதையும் கண்டுபிடிக்க வழி இருக்கிறதாம். ஆனால் ரத்தம் கொடுக்க வருகிறவனை எதிரில் உட்கார வைத்து அவரே கேட்பார்: எந்த நாள், எந்த இடம், எவ்வளவு நேரம், எவ்வளவு பக்கத்தில். அது தெரியாமல் கணக்குப் போடமாட்டார்.

இப்போது களிம்பு தடவிய காயம் ஆறி, மறுபடி உடைந்திருக்கும். தோல் கறுத்திருக்கும். தூக்கம் வராது. டாக்டரிடம் எண்ணெய் என்று சொல்கிறவரை அவர் எண்ணெய்க்குத்தான் மருந்து கொடுப்பார். இரிடியம் என்று சொன்னால்தான் சரியான இடத்துக்கு அனுப்புவார். நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. எந்த டாக்டர் இதைப் பார்ப்பார் என்று மேடம் சொன்னார், அந்தப் பெயரை உனக்கும் சொல்லமாட்டேன். உன் வாயாலேயே வரவேண்டும். என் பெண்ணைத் தூக்க முடியாமல் நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன் பார், நீயும் நில்.

எனக்கு அவசரமில்லை. கை உன்னுடையது. அவசரமும் உன்னுடையதுதான்.

ஃபெலிக்ஸ்


மாரேட்பள்ளி
29 அக்டோபர் 2024

ஃபெலிக்ஸ்,

நாளை மறுநாள் தீபாவளி. சுமலதா என் கையைப் பார்த்துவிட்டாள். நாற்றம் காட்டிக்கொடுத்துவிட்டது.

பட்டான்செரு சைட்டில் விபத்து என்று சொல்கிறேனே? வேலை நேரத்தில் நடந்ததாக இருந்தால் சிகிச்சையைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். உன் பேட்ஜ் எப்படியோ அங்கே கிடந்தது என்று சேர்த்துச் சொல்கிறேன், நீயும் தப்பித்துவிடுவாய். இரண்டு பேருக்கும் நல்லது. நாள் மட்டும் மாற்றிச் சொன்னால் போதும்.

டாக்டர் பெயரை அனுப்பு.

பாலா


பாலாநகர்
4 நவம்பர் 2024

பாலா,

முடியாது.

நீ பொய் நாள் சொன்னால் மேடத்தின் கணக்கும் பொய்யாகும். நாள் ஆக ஆக எண்ணிக்கை குறைவதை அவர் திருத்திப் போட வேண்டும். அறுவை செய்கிறவர் அந்த எண்ணை நம்பித்தான் எதுவரை வெட்டுவது என்று யோசிப்பார். அது போகட்டும், எனக்கு வேண்டியது வேறு. ஞாயிற்றுக்கிழமை, பாலாநகர் ஸ்டோர், ஃபெலிக்ஸின் பேட்ஜ். இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் மேடமே டாக்டரிடம் அனுப்பிவைப்பார். லேப் உப்பல் மெட்ரோவில் இறங்கி இடது பக்கம், இரண்டாவது மாடி.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். பாவமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. ஆகஸ்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஃபெலிக்ஸ்


செகந்திராபாத்
12 ஜனவரி 2025

ஃபெலிக்ஸ்,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கை. போனில் சொல்லியே எழுதியிருக்கலாம், ஆனால் இதை நீ கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மூன்று நாளாக எழுதுகிறேன்.

நீ சொன்ன இரண்டாவது மாடிக்குப் போனேன். சபீனா மேடம் எதிரில் உட்கார வைத்துக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோர், ஃபெலிக்ஸின் பேட்ஜ், எல்லாம் சொன்னேன். சுமலதா பக்கத்தில்தான் இருந்தாள். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். உனக்கு இதுவும் வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

ஐந்நூறு செல்லில் இரண்டு இடுப்பு உள்ளவை முப்பது கிடைத்தன. உடம்பு முழுக்கச் சமமாகப் பரப்பிப் பார்த்தால் ஒரு கிரேகூட, உன் பேட்ஜ் கணக்கில் ஆயிரம் மில்லிசீவெர்ட்கூட, வராது, பிழைத்தாய் என்று சொல்லிவிடலாம். மேடம் அதோடு விடவில்லை. அந்த முப்பதும் வெறும் பன்னிரண்டு செல்லுக்குள் கிடந்ததாம், ஒன்றிலேயே மூன்று, நான்கு என்று. "பொங்கல்ல முந்திரியக் கலந்து கிளறினா கரண்டிக்கு ஒண்ணு, ரெண்டு கரண்டிக்கு ஒண்ணுன்னு வரும். ஒரே கரண்டில நாலு வந்தா கிளறல, ஒரே இடத்துல கொட்டியிருக்காங்கன்னு அர்த்தம்" என்றார். அதற்கு ஒரு தனிக் கணக்குப் போட்டார். பட்ட இடத்து ரத்தத்துக்கு மட்டும் ஏறத்தாழ ஆறு கிரே. விரல்களுக்கு அதைவிடப் பல மடங்கு இருக்கும், அதை ரத்தம் சொல்லாது, விரல்தான் சொல்லும் என்றார்.

விரல் சொல்லிவிட்டது. ஆள்காட்டியும் நடு விரலும் அடியோடு போயின. கட்டை விரலில் பாதி இருக்கிறது.

மும்பையிலிருந்து இரண்டு அதிகாரிகள் ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். மறைக்காமல் சொன்னேன். பேட்ஜை வைத்தது நான், ஃபெலிக்ஸுக்கு அதில் சம்பந்தமே இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். இனி யாரும் உன்னைத் திருடன் என்று சொல்ல முடியாது. பெண்ணைத் தூக்கிக்கொள்.

போகும்போது அவர்களில் ஒருவர் கேட்டார், இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று. பயம் என்றேன். உண்மைதான், ஜூலையில் பயம், ஆகஸ்டில் பயம். ஆனால் அக்டோபரில் பயத்தோடு இன்னொன்றும் இருந்தது. தலையணைக்கு அடியிலிருந்து உன் அக்டோபர் எட்டாம் தேதிக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது. டூட்டி நர்ஸ் கல்பகம் மதுரைக்காரி, அவள் வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னாள். மூன்று விரல், உள்பக்கம், காயம் மறுபடி உடையும், டாக்டர் பெயரைச் சொல்லமாட்டேன். அவர் இரண்டு தரம் கேட்டார், இதை எழுதியவர் யார் என்று. சைட்டின் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர், மறுபடி அந்தப் பொறுப்புக்கு வரப்போகிறவர் என்றேன். கடிதத்தை அவர்தான் அனுப்பினார் என்பதற்கு என்ன சாட்சி என்றார். ஃபெலிக்ஸிடமே ரசீது அட்டை இருக்கும், அவன் எதையும் தொலைக்கமாட்டான் என்றேன்.

அக்டோபர் இரண்டாம் வாரத்திலேயே வந்திருந்தால் என்று அறுவை செய்த டாக்டரைக் கேட்டேன். அவரும் சபீனா மேடம் மாதிரிதான். ஒரு விரல் தப்பியிருக்கலாம், தப்பாமலும் போயிருக்கலாம், அதற்கு மேல் உறுதியாகச் சொல்லமாட்டேன் என்றார். அந்த ஒரு விரலை இரண்டு பேருமாகச் சேர்ந்து தொலைத்தோம். பாதி என்னுடையது, பாதி உன்னுடையது.

தெரிந்தும் மறைத்தாய் என்று மும்பையிலிருந்து உனக்கும் கடிதம் வந்திருக்கும். என் அனுமதியும் உன் அனுமதியும் ஒரே நாளில் ரத்தானதாக தண்டபாணி சார் சொன்னார். நீ வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு தரம் உனக்கு எழுதினேன். இப்போது கிண்டலுக்கு எழுதவில்லை.

இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். போஸ்ட்மேன் அட்டையை நீட்டியிருப்பார், நீ கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பாய். அதைப் போடும்போது பேனாவை எந்த மூன்று விரலால் பிடித்தாய் என்று பார்த்தாயா?

பாலா